டூசான் கிணறுகள்: குடிநீரில் கலந்த கரைப்பானும் குழந்தைகளின் இதயமும்

1973இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசான் நகரில், குழந்தைகளுக்கான இதய மருத்துவர் ஸ்டான்லி கோல்ட்பர்க்கும் அவருடைய சகாக்களும் தங்கள் நோயாளிகளின் முகவரிகளில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். பிறவி இதயக் குறைபாட்டோடு அவர்களிடம் வந்த குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் டூசான் பள்ளத்தாக்கின் சிறிய பகுதி ஒன்றைச் சேர்ந்தவர்கள். பள்ளத்தாக்கின் மொத்த மக்களில் கொஞ்சம் பேர்தான் அங்கே வசித்தார்கள். அப்புறம் ஏன் இத்தனை குழந்தைகள்? அப்போது யாரிடமும் விடை இல்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1981இல், கிட்டத்தட்ட அதே பகுதியின் நிலத்தடி நீரில் டிரைகுளோரோஎத்திலீன் என்ற தொழிற்சாலைக் கரைப்பான் கலந்திருப்பது தெரியவந்தது. 1950களிலிருந்தே அது கலந்துவந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள்.

இந்த இரண்டு தகவல்களையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆய்வு, 1990இல் அமெரிக்க இதயவியல் கல்லூரியின் ஆய்விதழில் வெளிவந்தது. கருத்தரிக்கும் நாட்களில் சுற்றுச்சூழலிலிருந்து பெற்றோர் உடம்புக்குள் போகும் பொருட்களுக்கும் பிறக்கும் குழந்தையின் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்று பேசுகிறவர்கள், ஏற்பவர்களானாலும் சரி, மறுப்பவர்களானாலும் சரி, இந்த ஊரைத் தொடாமல் போவதில்லை. இத்தனை ஆண்டு விவாதத்துக்குப் பிறகும் ‘இதுதான் காரணம்’ என்று அடித்துச் சொல்லும் நிலை வரவில்லை. ஆனால் இப்படியொரு சந்தேகத்தை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சோதிப்பது, எங்கே அது தடுமாறும் என்பதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியவில்லை.

பிறக்கும் 1,000 குழந்தைகளில் 8 முதல் 10 பேருக்கு ஏதாவதொரு இதயக் குறைபாடு இருக்கிறது. பிறவிக் குறைபாடுகளிலேயே அதிகம் காணப்படுவது இதுதான். சிலருக்கு மரபணுவிலோ குரோமோசோமிலோ காரணம் கிடைக்கும். தாய்க்குக் கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, கர்ப்பத்தின் தொடக்கத்தில் வந்த ருபெல்லா எனும் ஜெர்மன் தட்டம்மை, சில மருந்துகள் என்று வேறு சிலருக்குச் சொல்லலாம். பெரும்பாலானவர்களுக்கு ஒற்றைக் காரணத்தைக் கைகாட்ட முடியாது. அந்த வெற்றிடத்தில்தான் தாயின் மேல் பழி விழுகிறது. நம் வீடுகளில் கிரகணத்தன்று வெளியே போனாயா, பப்பாளி சாப்பிட்டாயா என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவள் குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் அரிது.

தொழிற்சாலையும் தண்ணீரும்

டூசானின் தெற்கே, விமான நிலையத்தை ஒட்டி, 1950களின் தொடக்கத்தில் ஹியூஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் அமெரிக்க விமானப்படைக்காக ஏவுகணை ஆலையைத் தொடங்கியது. அதற்கு முன்பே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், விமான நிலையக் கொட்டகைகளில் போர் விமானங்களைச் செப்பனிடும் வேலை நடந்திருந்தது. இரண்டு இடத்திலும் உலோகப் பாகங்களில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் கிரீஸையும் நீக்கியாக வேண்டும். அதற்கு அன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்பட்டது டிரைகுளோரோஎத்திலீன். சுருக்கமாக டிசிஈ என்பார்கள்.

ஆலைக்குள் அது வேலை செய்யும் விதம் எளிது. ஆழமான தொட்டியின் அடியில் கரைப்பானைச் சூடாக்குவார்கள். 87 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். தொட்டிக்குள் கனமான ஆவி தேங்கி நிற்கும். கம்பிக் கூடையில் வைத்த பாகங்களை அந்த ஆவிக்குள் இறக்குவார்கள். குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் ஆவி திரவமாகி, கிரீஸைக் கரைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக வடியும். பாகம் சூடேறியதும் வடிவது நின்றுவிடும். கூடையை எடுத்தால் துடைக்கக்கூடத் தேவையில்லை, காய்ந்து பளிச்சென்று இருக்கும். தீப்பற்றும் பயமும் குறைவு. இனிப்பான வாசனை. மருத்துவமனைகளில் இதையே மயக்க மருந்தாகவும் கொடுத்திருக்கிறார்கள். காப்பிக் கொட்டையிலிருந்து கஃபீனைப் பிரிக்கவும் பயன்படுத்தினார்கள். உணவில் இதன் பயன்பாட்டை 1977இல்தான் அமெரிக்கா தடை செய்தது. இவ்வளவு பழகிப்போன பொருளைப் பார்த்து யாரும் பயப்படவில்லை.

அழுக்கேறிய கரைப்பானையும் கழுவிய நீரையும் என்ன செய்வது? டூசானில் அவை அடியில் எந்தத் தடுப்பும் இல்லாத குழிகளுக்கும் குட்டைகளுக்கும் போயின. பாலைவன வெயிலில் ஆவியாகிவிடும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்துத் தொழில் உலகில் பரவலாக இருந்தது. மேலாக நின்றதில் ஒரு பங்கு ஆவியாகியும் இருக்கும். ஆனால் டிசிஈ தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கனமானது. மண்ணுக்குள் இறங்கிவிட்டால் நிலத்தடி நீரில் மிதக்காது. அடிக்குப் போய் மணலுக்கும் களிமண்ணுக்கும் நடுவே தங்கிவிடும். அங்கிருந்து ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும். நிலத்தடி நீர் ஓடும் திசையில் அந்தக் கரைசலும் நகரும். டூசானுக்கு அன்று குடிநீர் என்றால் நிலத்தடி நீர்தான். மாசு நகர்ந்த வழியில் நகராட்சிக் கிணறுகளும் தனியார் கிணறுகளும் இருந்தன. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் நகரின் தென்பகுதி மக்கள், பெரும்பாலும் மெக்சிக வம்சாவளிக் குடும்பங்கள்.

1981 சோதனைகளில் அந்தக் கிணறுகளில் லிட்டருக்கு 6 முதல் 239 மைக்ரோகிராம் வரை டிசிஈ இருந்தது. கூடவே டைகுளோரோஎத்திலீனும் குரோமியமும் குறைந்த அளவில் கலந்திருந்தன. குடிநீரில் டிசிஈ இவ்வளவுதான் இருக்கலாம் என்று நாடு தழுவிய வரம்பு அப்போது கிடையாது. 1987இல் நிர்ணயிக்கப்பட்டு 1989இல் அமலுக்கு வந்த வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். டூசானின் மிக மோசமான கிணறு அந்த வரம்பைப்போல ஏறத்தாழ 48 மடங்கு. பாதிக்கப்பட்ட கிணறுகளை மூடினார்கள். 1983இல் விமான நிலையப் பகுதி முழுவதும், மத்திய அரசு முன்னுரிமை கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய நச்சு நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது.

தண்ணீரைக் குடித்தால் மட்டும்தான் உள்ளே போகும் என்று நினைக்க வேண்டாம். டிசிஈ எளிதில் ஆவியாகும். வெந்நீர்க் குளியலில், பாத்திரம் கழுவுகையில், துணி துவைக்கையில் அது காற்றுக்கு வந்து மூச்சோடு போகும். தோல் வழியாகவும் ஏறும். குடிக்கத் தண்ணீர்ப் பாட்டில் வாங்கியவர்கள்கூட முழுதாகத் தப்பியிருக்க முடியாது.

ஆய்வு என்ன செய்தது

கிணறுகள் மூடப்பட்டது ஆய்வாளர்களுக்கு ஓர் அரிய வாய்ப்பைக் கொடுத்தது. மாசுபட்ட நீர் ஓடிய காலம், நின்றுபோன காலம் என்று இரண்டையும் ஒரே ஊரில் ஒப்பிடலாம். கோல்ட்பர்க் குழு தங்கள் நோயாளிப் பதிவேட்டை எடுத்தது. 1969 முதல் 1987 வரை டூசான் பள்ளத்தாக்கில் கருத்தரித்து, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களையும் அதற்கு முந்தைய ஒரு மாதத்தையும் அங்கேயே கழித்த பெற்றோரை மட்டும் தேர்ந்தெடுத்தது. அவர்களுடைய வீடோ வேலையிடமோ மாசுபட்ட நீர்ப் பகுதிக்குள் இருந்ததா என்று நேர்காணலில் கேட்டது.

ஒப்பிட ஒரு குழு வேண்டுமே. அதற்குத் தொலைபேசி எண்களைக் குலுக்கல் முறையில் அழைத்து இரண்டு கணக்கெடுப்புகள் நடத்தினார்கள். பள்ளத்தாக்கின் பொதுமக்களில் 10.5 சதவீதத்தினருக்குத்தான் எப்போதாவது அந்தப் பகுதியோடு வீடு அல்லது வேலை வழியாகத் தொடர்பு இருந்தது. இதயக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரில் அது 35 சதவீதம். தொடர்பு இருந்த பெற்றோரின் குழந்தைகளிடையே இதயக் குறைபாட்டின் விகிதம் மற்றவர்களைப்போல மூன்று மடங்கு. கிணறுகள் மூடப்பட்டபின் இந்த விகிதம் குறைந்து, தொடர்பே இல்லாதவர்களின் விகிதத்தை நெருங்கியது.

கட்டுரையின் முடிவுரையில் ஆய்வாளர்கள் மிகக் கவனமாக எழுதினார்கள்: குறிப்பிடத்தக்க தொடர்பு தெரிகிறது, ஆனால் இது காரண காரிய உறவை நிறுவவில்லை. நல்ல ஆய்வாளர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் இந்த வரி பிற்காலத்தில் பயன்பட்ட விதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. மேலும் தேடுங்கள் என்ற பொருளில் எழுதப்பட்டதை, எதுவும் செய்ய வேண்டாம் என்ற பொருளில் எடுத்துக்காட்டியவர்கள் ஏராளம்.

எண்களை எப்படிப் படிப்பது

இத்தகைய ஆய்வுகளின் மேல் வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு தற்செயல். ஒரு நாட்டு வரைபடத்தில் எந்த நோயைக் குறித்தாலும் சில இடங்களில் புள்ளிகள் கூட்டமாகத்தான் விழும். சுவரில் கண்டபடி சுட்டுவிட்டு, குண்டுகள் நெருக்கமாக விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்து, இதுதான் என் குறி என்று சொல்வதுபோல, நோய் கூடிய இடத்தைப் பார்த்தபின் எல்லை வகுத்தால் எதையும் நிரூபித்துவிடலாம். டூசானில் இந்தக் குற்றச்சாட்டு முழுதாக எடுபடாது. முதல் வட்டத்தை 1973இல் வரைந்தவர்கள் மருத்துவர்கள்; அவர்களுக்கு மாசு பற்றித் தெரியாது. இரண்டாவது வட்டம் 1981இல் கிணற்று நீரைச் சோதித்தபோது கிடைத்தது. அந்தச் சோதனைக்கும் இதயக் குறைபாட்டுக்கும் சம்பந்தமில்லை. இரண்டு வட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது சாதாரண விஷயம் இல்லை.

கிணறு மூடியபின் விகிதம் இறங்கியது இரண்டாவது வலு. இங்கே இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1970களின் பிற்பகுதியிலிருந்து எக்கோ பரிசோதனை வேகமாகப் பரவியது. முன்பு ஸ்டெதஸ்கோப்பில் தப்பிய சின்னச் சின்ன ஓட்டைகள்கூட 1980களில் கண்ணில் பட ஆரம்பித்தன. ஆகவே கண்டுபிடிக்கப்படும் குறைபாடுகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். அந்தப் போக்குக்கு நடுவே மாசுபட்ட பகுதியின் விகிதம் இறங்கியது என்றால் அதை எளிதாக ஒதுக்க முடியாது என்பது என் எண்ணம்.

பலவீனங்களும் கொஞ்சமில்லை. எந்தக் குடும்பத்தின் குழாயில் எந்த ஆண்டு எவ்வளவு டிசிஈ வந்தது என்று யாருக்கும் தெரியாது. 1981க்கு முந்தைய நீர் மாதிரிகள் இல்லை. பகுதிக்குள் இருந்தாரா, இல்லையா என்பது மட்டுமே அளவுகோல். தினமும் எட்டு டம்ளர் குடித்தவரும், அந்தப் பகுதியில் எங்கோ வேலை பார்த்துவிட்டு வீட்டுத் தண்ணீரைக் கொண்டுபோனவரும் ஒரே கணக்கில் வருவார்கள். இப்படிக் கலந்துவிடுவது பொதுவாக உண்மையான தொடர்பை மங்கச் செய்யுமே தவிரப் பெரிதாக்காது. ஆனால் எவ்வளவு அளவில் ஆபத்து தொடங்குகிறது என்ற கேள்விக்கு இந்த ஆய்வு வாயே திறக்காது. நேர்காணல் நடந்தபோது மாசு பற்றிய செய்தி ஊருக்கே தெரியும். குறையோடு குழந்தை பெற்ற தாய் பழைய முகவரிகளைத் துருவித் துருவி நினைவுபடுத்துவாள், தொலைபேசியில் சும்மா பதில் சொல்பவர் அவ்வளவு யோசிக்க மாட்டார். தென்பகுதி மக்கள் வருமானத்திலும் வம்சாவளியிலும் பிற பகுதியினரிடமிருந்து வேறுபட்டவர்கள். தண்ணீரில் இருந்தது டிசிஈ மட்டும் இல்லை. அதோடு, குறிப்பிட்ட ஒரே வகைக் குறைபாடு திரும்பத் திரும்ப வந்ததாகவும் தெரியவில்லை. பலவகைக் குறைபாடுகள் கலந்து இருந்தன.

ருபெல்லாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 1941இல் சிட்னியின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களில் பலருக்கு இதயக் குறைபாடும் இருந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு ருபெல்லா வந்ததுதான் பொதுவான இழை. பிறவிக் கண்புரை அரிதானது, நோயும் தேதி சொல்லக்கூடியது. அதனால் இழை பளிச்சென்று தெரிந்தது. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் வரும் கரைப்பானுக்குத் தேதியும் இல்லை, அடையாளமும் இல்லை.

அந்த சில வாரங்கள்

கோல்ட்பர்க் குழு ஏன் கருத்தரிப்புக்கு முந்தைய மாதத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை என்று வரையறுத்தது? கருவின் இதயம் உருவாகும் கணக்கைப் பார்த்தால் புரியும்.

கருத்தரித்த மூன்றாவது வாரத்தில், கருவின் தலைப்பக்கத்தில் பிறை வடிவில் சில செல்கள் கூடுகின்றன. அவை இரண்டு மெல்லிய குழாய்களாகி, பிறகு நடுவில் சேர்ந்து ஒரே குழாயாகின்றன. சுமார் 22ஆம் நாளில் அந்தக் குழாய் துடிக்கத் தொடங்குகிறது. உடனே நீண்டு, வலப்பக்கமாக வளைந்து மடிகிறது. அந்த மடிப்பு சரியாக விழுந்தால்தான் கீழறைகளும் மேலறைகளும் அதனதன் இடத்துக்கு வரும். நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் சுவர்கள் எழும்புகின்றன. குழாயின் உட்சுவரிலிருந்து சில செல்கள் பிரிந்து, ஜெல்லி போன்ற அடுக்குக்குள் நுழைந்து, மெத்தைபோல உப்புகின்றன. இந்த மெத்தைகளிலிருந்தே வால்வுகளும் அறைகளைப் பிரிக்கும் சுவர்களின் முக்கியப் பகுதிகளும் உருவாகின்றன. எதிரெதிர் மெத்தைகள் நடுவில் வந்து ஒட்ட வேண்டும். ஒட்டாமல் இடைவெளி நின்றால் அதுதான் பிறகு ‘இதயத்தில் ஓட்டை’ என்று நாம் சொல்வது. எட்டாவது வாரம் முடியும்போது இதயத்தின் அடிப்படைக் கட்டமைப்பு முடிந்துவிடும்.

தாயின் பக்கத்திலிருந்து பாருங்கள். கருத்தரித்து இரண்டு வாரம் கழித்து நாள் தள்ளிப்போகும். அதன்பின் நான்கைந்து நாள் பொறுத்து, வீட்டிலேயே பரிசோதித்து, பிறகு மருத்துவரிடம் நேரம் வாங்கிப் போவதற்குள் குழாய் துடிக்கத் தொடங்கி, வளைந்தும் முடிந்திருக்கும். திட்டமிடாத கர்ப்பம் என்றால் இரண்டாம் மாதம்கூடக் கடந்துவிடும். ‘கர்ப்பிணிகள் கவனமாக இருங்கள்’ என்ற அறிவுரை இந்த விஷயத்தில் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அதனால்தான் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். மாத்திரையைத் தாய் விழுங்கலாம். நகராட்சிக் குழாயில் வரும் கரைப்பானை அவள் என்ன செய்ய முடியும்? வாசனையே தெரியாத அளவில் அது இருக்கும்போது, கிணற்றடியில் தடுத்தால்தான் உண்டு.

ஆய்வகத்தில்

அரிசோனா பல்கலைக்கழகத்தில் இந்தச் சந்தேகத்தைப் பல வழிகளில் சோதித்தார்கள். 1988இல் கோழிக் கருக்களில் டிசிஈ செலுத்தியபோது இதயக் குறைபாடுகள் கூடின. 2000இல் ரேமண்ட் ரன்யன் குழுவினர், மேலே சொன்ன மெத்தை உருவாகும் கட்டத்தையே கோழிக் கருவின் திசுவில் வளர்த்துப் பார்த்தார்கள். டிசிஈ இருந்தபோது உட்சுவர்ச் செல்கள் பிரிந்து உள்ளே நுழைவது குறைந்தது. எந்தப் படியில் வேலை கெடக்கூடும் என்பதற்கு இது நேரான தடயம்.

எலிச் சோதனைகள்தான் பெரிய சர்ச்சைக்குக் காரணம். 1993இல் வெளியான ஆய்வில் தாய் எலிகளுக்குக் குடிநீரிலேயே டிசிஈ கொடுத்தார்கள். சாதாரணத் தண்ணீர் குடித்தவற்றின் கருக்களில் 3 சதவீதத்துக்கு இதயக் குறைபாடு. கர்ப்பத்துக்கு முன்பும் கர்ப்பத்தின்போதும் டிசிஈ குடித்தவற்றில் அது 8, 9 சதவீதத்தை எட்டியது. 2003இல் அதே குழு, எந்த அளவிலிருந்து பாதிப்பு தொடங்குகிறது என்று பார்த்தது. லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராமில் ஒன்றுமில்லை. 250 மைக்ரோகிராமில் 4.5 சதவீதம், 1,500இல் 5 சதவீதம், 11 லட்சம் மைக்ரோகிராமில் 10.5 சதவீதம். ஒப்பீட்டு எலிகளில் 2.1 சதவீதம். டூசானின் மோசமான கிணற்றில் 239 இருந்தது என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்களைப் படியுங்கள்.

எதிர்ப்பாளர்கள் சும்மா விடவில்லை. அவர்கள் சொன்னதில் நியாயமும் உண்டு. அளவு 4,400 மடங்கு கூடியபோது பாதிப்பு ஏறத்தாழ 2.3 மடங்குதான் ஆகிறது, இது வழக்கமான நச்சுப் பொருளின் போக்காக இல்லை என்றார்கள். சோதனைகள் ஒரே நேரத்தில் நடக்கவில்லை. பல ஆண்டுகளில் சேர்ந்த ஒப்பீட்டு எலிகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டிருந்தார்கள். பிறகு கட்டுரைக்குத் திருத்தங்களும் வெளியிட வேண்டியிருந்தது. வேறு ஆய்வகங்கள், குழாய் வழியாக வயிற்றுக்குள் செலுத்தியும் மூச்சு வழியாகக் கொடுத்தும் பார்த்தபோது இதயக் குறைபாடு கூடவில்லை. 2019இல் கரைப்பான் தொழில் சங்கத்தின் நிதியில் நடந்த புதிய குடிநீர்ச் சோதனையிலும் கூடவில்லை. அந்தச் சோதனை எல்லா வகைக் குறைபாட்டையும் பிடிக்கும் அளவுக்கு நுட்பமாக இருந்ததா என்ற எதிர்க்கேள்வியும் எழுந்தது. யார் பணம் கொடுத்தார்கள் என்பதை வைத்து மட்டும் ஆய்வைத் தள்ளக்கூடாது. முறையைத்தான் பார்க்க வேண்டும். முறையைப் பார்த்தாலும் இரண்டு பக்கமும் ஓட்டைகள் இருக்கின்றன என்பதே நேர்மையான பதில்.

எண்டிகாட்

டூசானுக்குத் துணை நிற்கும் மனித ஆய்வு நியூயார்க் மாநிலத்தின் எண்டிகாட்டிலிருந்து வந்தது. அங்கே ஐபிஎம் ஆலை பல பத்தாண்டுகள் மின்னணுப் பலகைகள் செய்தது. கரைப்பான்கள் நிலத்தடி நீரில் கலந்தன. ஆனால் அங்கே முக்கிய வழி குடிநீர் இல்லை. நிலத்தடியிலிருந்து ஆவி மேலெழும்பி, வீடுகளின் அடித்தளக் கீறல்கள் வழியாக உள்ளே புகுந்தது. தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தவர்கள் படுக்கையறையில் அதைச் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு நூற்றுக்கணக்கான கட்டடங்களில் தரைக்கு அடியிலிருந்து ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் குழாய்களும் விசிறிகளும் பொருத்த வேண்டியிருந்தது.

மாநில சுகாதாரத் துறை 2012இல் வெளியிட்ட ஆய்வில், டிசிஈ ஆவி புகுந்த பகுதியில் 1983 முதல் 2000 வரை பிறந்த குழந்தைகளிடையே இதயக் குறைபாடு எதிர்பார்த்ததைப்போல 2.15 மடங்கு இருந்தது. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாய்கள் பிரியும் இடத்தில் வரும் குறைபாடுகள் மட்டும் 4.9 மடங்கு. சிறிய ஊர், எண்ணிக்கை குறைவு, பிழை வரம்பு அகலம். ஆனாலும் இங்கே நேர்காணலும் இல்லை, நினைவுப் பிழையும் இல்லை. பிறப்புப் பதிவும் குறைபாட்டுப் பதிவேடும் மட்டுமே. டூசான் ஆய்வின் பெரிய பலவீனம் ஒன்று இங்கே கிடையாது. வேறு ஊர், வேறு வழி, வேறு முறை; இருந்தும் கை காட்டும் திசை ஒன்றே.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, டிசிஈ வெளியிடும் ஆலைகளுக்கு அருகில் வசித்த, 38 வயதும் அதற்கு மேலுமான தாய்மார்களின் குழந்தைகளில் அபாயம் அதிகம் என்றது. பால்டிமோர்–வாஷிங்டன் பகுதியில் 1981 முதல் 1989 வரை சார்லட் ஃபெரன்ஸ் தலைமையில் நடந்த பெரிய ஆய்விலும் கரைப்பான்களோடு தொடர்புடைய வேலைகளுக்கும் சில கடுமையான இதயக் குறைபாடுகளுக்கும் இடையே தொடர்பு தென்பட்டது.

அரசு, நீதிமன்றம், வரம்பு

தென்பகுதி மக்கள் காத்திருக்கவில்லை. 1985இல் உள்ளூர் நாளிதழில் ஜேன் கே எழுதிய தொடர் செய்திகளுக்குப் பிறகு குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன, வழக்குத் தொடுத்தன. 1991இல் ஹியூஸ் நிறுவனம் 8.45 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. சமரசம் என்பதால், எந்த நோய்க்கு எது காரணம் என்று நீதிமன்றம் தீர்ப்பு எழுதவில்லை. 1994இல் நிலத்தடி நீரை இறைத்துச் சுத்தம் செய்யும் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2002இல் அதே நீரில், அந்த நிலையத்தால் நீக்க முடியாத 1,4-டையாக்சேன் என்ற வேறொரு ரசாயனம் இருப்பது தெரிந்தது. அதற்குத் தனி நிலையம் கட்டினார்கள். 2021இல் பிஎஃப்ஏஎஸ் என்ற இன்னொரு ரசாயனக் குடும்பம் அதிகரித்ததால், அங்கே சுத்தம் செய்த நீரைக் குடிநீர்க் குழாய்க்கு அனுப்புவதை நகராட்சி நிறுத்தியது. மண்ணுக்குள் இறங்கியதை வெளியே எடுக்க எத்தனை தலைமுறை ஆகும் என்று இதைப் பார்த்தால் தெரியும்.

தேசிய அளவில் வாதம் இன்னும் ஓயவில்லை. 2011இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை டிசிஈ பற்றிய தன் மதிப்பீட்டில் கருவின் இதயக் குறைபாட்டையும் அடிப்படையாக எடுத்துக்கொண்டது. 2020இல் வெளியான வரைவில் அது பின்னுக்குத் தள்ளப்பட்டு, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் பாதிப்பு முன்னுக்கு வந்தது. மாற்றச் சொன்னது வெள்ளை மாளிகை என்று செய்திகள் வெளிவந்தன. 2023இல் டிசிஈயைத் தடை செய்ய முன்மொழிந்தபோது, இடைக்காலத்துக்குப் பணியிடக் காற்றில் 10 லட்சத்தில் 0.0011 பங்கு என்ற வரம்பை வைத்தார்கள். கருவின் இதயத்தைக் கணக்கில் கொண்ட எண் அது. 2024 டிசம்பரில் வந்த இறுதி விதியில் தடை நின்றது, ஆனால் இடைக்கால வரம்பு 0.2 பங்காகியது. விதியை எதிர்த்து உடனே வழக்குகள் போயின, சில பகுதிகளின் அமலாக்கம் தள்ளிப்போனது. 0.0011க்கும் 0.2க்கும் இடையே ஏறத்தாழ 180 மடங்கு வித்தியாசம். கருவின் இதயத்தைச் சேர்த்து எண்ணினால் ஒன்று, விட்டுவிட்டால் இன்னொன்று. கரைப்பான் தொட்டி அருகே வேலை பார்க்கும், இன்னும் தான் கர்ப்பம் என்று அறியாத பெண்ணுக்கு இந்த வித்தியாசம் காகிதக் கணக்கு இல்லை.

என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். டிசிஈ மனிதக் கருவின் இதயத்தைக் கெடுக்கிறது என்று நிரூபணமாகிவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் மனித ஆய்வுகள் சுட்டும் திசை, செல் மட்டத்துத் தடயம், கிணறு மூடியபின் இறங்கிய விகிதம் மூன்றையும் சேர்த்தால், குடிநீரிலும் வீட்டுக் காற்றிலும் அதை விட்டுவைக்க எந்த நியாயமும் இல்லை. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது எப்படியும் உறுதியாகிவிட்டது. தடுக்க ஒரு காரணம் போதும்.

கேட்க வேண்டியவை

இந்த நிகழ்விலிருந்து மருத்துவமனைகள் எடுத்துக்கொள்ளக்கூடியது முகவரி பற்றியது. குழந்தையின் கோப்பில் இருப்பது இன்றைய முகவரி. சிகிச்சைக்காக நகரத்துக்கு வந்து உறவினர் வீட்டில் தங்கியவர்கள் அந்த வீட்டு முகவரியையே கொடுத்திருப்பார்கள். இதயம் உருவான நாட்களில் தாய் வேறு ஊரில் இருந்திருக்கலாம். பிரசவத்துக்குத் தாய்வீடு போவது வழக்கமான இடங்களில் பிறப்புச் சான்றிதழிலும் அந்த ஊர் வராது. ஆகவே கருத்தரிப்புக்கு ஒரு மாதம் முன்பிருந்து மூன்றாம் மாத முடிவு வரை என்று காலத்தைத் தெளிவாகச் சொல்லி, தாய், தந்தை இருவரிடமும் கேட்க வேண்டும். எங்கே குடியிருந்தீர்கள்? குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் எங்கிருந்து வந்தது, கிணறா, ஆழ்துளையா, நகராட்சிக் குழாயா, லாரியா? என்ன வேலை பார்த்தீர்கள், அங்கே பெயின்ட், தின்னர், உலோகம் கழுவும் திரவம், சலவைக் கரைப்பான் ஏதாவது கையாண்டீர்களா? வேலைத் துணியை வீட்டில் துவைத்தீர்களா?

கேட்கும் விதமும் முக்கியம். அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கிக்கொண்டு நிற்கும் தாயிடம் இவற்றைக் குற்றப்பத்திரிகைபோல வாசிக்கக்கூடாது. எல்லாப் பெற்றோரிடமும் வழக்கமாகக் கேட்பது இது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பதில் எதுவானாலும் அது அவருடைய தவறு இல்லை என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதில்களை மருத்துவரின் குறிப்புக்குள் புதைக்காமல், தேடி எடுக்கும்படி பதிவேட்டில் தனிக் கட்டங்களில் ஏற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அவற்றை வரைபடத்தில் குறித்துப் பார்க்க ஒருவருக்குப் பொறுப்புக் கொடுக்க வேண்டும். கூட்டம் தெரிந்தால் அடுத்த வேலை, அந்தப் பகுதியின் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கு அனுப்புவது.